ஒத்தக்கடையில் ஓராயிரம் கடை!

மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் மாட்டுத்தாவணியைத் தாண்டி, ஐகோர்ட் கிளையையும் கடந்து வந்தால், யானைமலை சாவகாசமாகப் படுத்துக்கிடக்கும் இடம்தான் எங்கள் ஊர் ஒத்தக்கடை. ஒற்றைக் கடை என்பதுதான் வாய்க்கு வாய் புரண்டு ஒத்தக்கடை ஆகியிருக்க வேண்டும். இன்றைக்கு அந்த ஒத்தக் கடையைத் தேடி யாராவது வந்தால் தலை சுற்றிப்போவார். டீக்கடை, புரோட்டாக் கடை, உரக்கடை, பாத்திரக்கடை, செல்போன் கடை, செல்போனுக்குச் சட்டை மாட்டுகிற கடை... ரோட்டின் அங்கிட்டும் இங்கிட்டும் கடைதான். இது போதாதென்று, ஆளாளுக்கு ஒரு கடைத்தெருவையே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

அந்தப் பைக்குள் இருக்கிற கடைத்தெருவில்தான் நான் 6,050 ரூபாயைக் கோட்டை விட்டேன்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால், அப்படி வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான் போன பணம் போனதாகவே ஆயிற்று. அதனால் இப்போது வெட்கத்தை மூட்டை கட்டிவிட்டு எழுதுகிறேன்.

2024-ல் தீபாவளி அக்டோபர் 31. அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு ராத்திரி, சாப்பிட்டுவிட்டு இன்ஸ்டாகிராமைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு பெண், பின்னால் மலை மாதிரி பட்டாசுப் பெட்டிகள். ''ஹாய் மக்களே! சிவகாசி டைரக்ட் ஃபேக்டரி ரேட்! 85 சதவிகிதம் தள்ளுபடி! இன்னும் ரெண்டு மணி நேரம்தான்!'' என்று மூச்சுவிடாமல் பேசினாள். கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. 1:59:58... 1:59:57...

வெடிகுண்டில் சிவப்பு ஒயரா, நீல ஒயரா என்று சினிமா ஹீரோ தவிப்பானே, அந்தப் பதற்றம் எனக்கு வந்துவிட்டது.

''சிவகாசி இந்தா இருக்கு. மாட்டுத்தாவணியில பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி போயிரலாம். ஒரு எட்டு நேர்ல போயிட்டு வந்தா என்னங்க?'' என்றாள் வீட்டுக்காரி.

''பஸ் காசு, பெட்டி தூக்குற கூலி, ஒருநாள் லீவு... கணக்குப் போடத் தெரியாதா உனக்கு?'' என்று அறிவாளித்தனமாகக் கேட்டேன். (இந்த வாக்கியம் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பலமுறை எனக்கே திருப்பிச் சொல்லப்பட்டது.)

திண்ணையில் படுத்திருந்த அப்பத்தா மட்டும், ''ஏப்பா, ஒரு மண் சட்டி வாங்குனாக்கூட தட்டிப் பாத்துத்தான வாங்குவோம்? இதை எங்கிட்டுத் தட்டுறது?'' என்று கேட்டது. எண்பத்திரண்டு வயசு. நான் சிரித்துக்கொண்டேன்.

வெப்சைட் பளபளவென்று இருந்தது. சங்கு சக்கரம், புஸ்வாணம், சாட்டை, 25 ஐட்டம் கிஃப்ட் பாக்ஸ் என்று கூடையில் போடப் போட, 4,850 ரூபாய். பணம் கட்டுகிற இடத்தில் ஒரு வாட்ஸ்அப் நம்பருக்கு வரச் சொன்னார்கள். போனேன். ஒரு கியூ.ஆர். கோடு வந்தது. ஸ்கேன் செய்தால், கடையின் பெயருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தனி ஆளின் பெயர். அரை விநாடி கை நின்றது. 'ஓனர் பேரா இருக்கும்' என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி, ரகசிய நம்பரை அழுத்திவிட்டேன்.

மறுநாள் லாரி ஆபீஸ் ரசீது மாதிரி ஒரு படம் வந்தது. கூடவே, ''சார், வெடிபொருள் சரக்கு என்பதால் 1,200 ரூபாய் டெபாசிட். டெலிவரி ஆனதும் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும்.'' ஏற்கெனவே 4,850 கட்டியாயிற்று. 1,200-க்காக அதை விடுவதா? அதையும் கட்டினேன். தூண்டிலில் மாட்டிய மீனுக்கு இரண்டாவது புழுவும் ருசியாகத்தான் இருக்கும் போல.

இரண்டு நாள் கழித்து, ''லாரி எங்கே?'' என்று கேட்டேன்.

''மேலூர் தாண்டிருச்சு சார். ஒரு மணி நேரத்துல ஒத்தக்கடை!''

நான் சந்தோஷமாக வீட்டில் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். ''ஏங்க... சிவகாசியிலருந்து வர்ற லாரி விருதுநகர், திருமங்கலம் வழியாத்தானே வரணும்? அது எதுக்கு மேலூருக்குப் போயிட்டு வருது? திருச்சியச் சுத்திப் பாத்துட்டு வருதாக்கும்?''

அவ்வளவுதான். வயிற்றுக்குள் ஒரு லட்சுமி வெடி வெடித்தது. அவனுக்கு சிவகாசி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை! எங்கோ உட்கார்ந்துகொண்டு, மேப்பில் ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் என்ன ஊர் தெரிகிறது என்று பார்த்துச் சொல்லியிருக்கிறான். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் அவன் படம் காணாமல் போனது. போன் போகவில்லை. அந்த வெப்சைட்டில் மட்டும் கடிகாரம் இன்னமும் 1:59 என்றே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அதே இரண்டு மணி நேரம்!

பையன் தினமும் ஸ்கூல் விட்டு வந்து, ''லாரி வந்துருச்சாப்பா?'' என்பான். அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் நாலு நாள் ஓடியது.

*

பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது, நான் ஒன்றும் தனி ஆள் இல்லை என்று. அதே அக்டோபரில், தமிழ்நாடு போலீஸின் சைபர் கிரைம் பிரிவு இதற்காகவே பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டிருந்தது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூபில் தள்ளுபடி விளம்பரம், அதிலிருந்து வாட்ஸ்அப், அதிலிருந்து போலி வெப்சைட், பணம் வந்ததும் மாயம். என் கதையை யாரோ எனக்கு முன்பே எழுதி வைத்திருந்த மாதிரி இருந்தது.

இதைவிடப் பெரிய அடி ஒன்று இருக்கிறது. பட்டாசை ஆன்லைனில் விற்கவே கூடாது! 2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு அது. லைசென்ஸ் உள்ள வியாபாரிகள்தான் விற்கலாம், ஆன்லைன் கம்பெனிகள் பட்டாசு ஆர்டரே வாங்கக்கூடாது என்று, ஃபிளிப்கார்ட், அமேசான் பெயர்களையே குறிப்பிட்டு உத்தரவு போட்டிருக்கிறது. வெடிபொருளைத் தபாலில் அனுப்பவும் தடை. ஆக, நான் 'கூடையில் போடு' என்று அழுத்திய கணமே அந்தக் கடை சட்டத்துக்கு வெளியே நிற்கிற கடை. ஐகோர்ட் கிளைக்குப் பக்கத்து ஊர்க்காரனுக்கு சுப்ரீம் கோர்ட் சொன்னது ஆறு வருஷமாகத் தெரியவில்லை!

''85 சதவிகிதம் தள்ளுபடின்னு போட்டப்பவே உனக்குப் பொறி தட்ட வேணாமா?'' என்று எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், பட்டாசு வியாபாரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். விலைப் பட்டியலில் ஏகப்பட்ட விலையைப் போட்டு, 80 சதவிகிதம் கழிவு என்பது அந்தத் தொழிலில் சர்வசாதாரணம். நேரில் போனால் நல்ல கடையிலும் அதே தள்ளுபடி போர்டுதான் தொங்கும். திருடன் அதைத் தெரிந்துதான் அந்த வேஷத்தைத் தேர்ந்தெடுக்கிறான். எந்தப் பொருளுக்கு எந்தப் பொய் பொருந்துமோ அதைச் சொல்வான். செருப்புக்கு 'ஷோரூமை மூடுகிறோம்', சேலைக்கு 'தறியிலிருந்து நேரடியாக', பட்டாசுக்கு 'ஃபேக்டரி விலை'.

தள்ளுபடி சத்தத்தை வைத்து நல்ல சட்டியா, ஓட்டைச் சட்டியா என்று கண்டுபிடிக்க முடியாது. வேறு இடத்தில் தட்ட வேண்டும்.

*

எங்கே தட்டுவது? பட்ட பிறகு சைபர் கிரைம் ஆபீஸ், பாங்க், வக்கீல் நண்பர் என்று அலைந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கற்றுக்கொடுத்த ஃபீஸ் 6,050 ரூபாய். உங்களுக்கு இந்தப் பத்திரிகையின் விலை மட்டுமே!

முதலில் முகவரி. வீட்டு முகவரி அல்ல, வெப்சைட் முகவரி. நம் ஊரில் பேர் எழுதும்போது இனிஷியல் முன்னால், பேர் பின்னால் இல்லையா? 'எஸ்.முருகன்' என்றால் ஆள் முருகன்தான், எஸ் இல்லை. வெப்சைட்டும் அப்படியே. முதல் சாய்வுக்கோடு வரைக்கும் உள்ளதைப் பாருங்கள். கடைசியில் வரும் 'டாட் காம்' அல்லது 'டாட் இன்'னுக்கு ஒட்டினாற்போல் முன்னால் என்ன இருக்கிறதோ, அதுதான் ஆளின் உண்மையான பேர். அதற்கும் முன்னால் புள்ளி வைத்து எந்தப் பெரிய கம்பெனியின் பேரை ஒட்டியிருந்தாலும் அது வெறும் இனிஷியல். யார் வேண்டுமானாலும் எந்த இனிஷியலையும் போட்டுக்கொள்ளலாம். சில பேர் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, நடுவில் ஒரு கோடு சேர்த்து, அசல் கடை மாதிரியே பேர் வைப்பார்கள். மதுரைக்காரர்களுக்கு இது புதுசா என்ன? பேர் போன ஒரு கடை இருந்தால், அந்தத் தெருவிலேயே 'ஒரிஜினல்', 'பழைய', 'ஒரிஜினல் பழைய' என்று நாலு கடை இருக்குமே!

அடுத்து, பூட்டு. ''பூட்டுப் படம் இருக்கு, அதனால பத்திரமான சைட்டு'' என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பூட்டுக்கு அர்த்தமே வேறு. உங்கள் போனுக்கும் அந்தக் கடைக்கும் நடுவில் போகிற பேச்சை மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான். எதிரில் உட்கார்ந்திருப்பது திருடனா, யோக்கியனா என்று பூட்டுக்குத் தெரியாது. திருடனிடம் நீங்கள் ரகசியமாக, பத்திரமாகப் பணத்தைக் கொடுக்கலாம்... அவ்வளவே! கூகுள் கம்பெனி 2021-ல் நடத்திய ஆய்வில், அந்தப் பூட்டின் சரியான அர்த்தம் தெரிந்தவர்கள் 11 சதவிகிதம் பேர்தானாம். 'வீண் நம்பிக்கையைக் கொடுக்கிறது' என்று 2023-ல் குரோம் பிரவுசரில் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு படம் போட்டுவிட்டார்கள்.

வயசையும் பார்க்கலாம். எந்த வெப்சைட் பெயரும் பதிவு செய்யப்பட்ட தேதி பொதுவில் கிடைக்கும். 'ஹூ இஸ்' என்ற தேடலில் பெயரைப் போட்டால் சொல்லிவிடும். எனக்கு நாமம் போட்ட கடை, முகப்பில் '1985 முதல் உங்கள் சேவையில்' என்று போட்டிருந்தது. பதிவுத் தேதியைப் பார்த்தால் ஆர்டர் கொடுத்த அன்றைக்கு அதற்கு வயசு பத்தொன்பது நாள். பால் மணம் மாறாத பச்சிளம் பாரம்பரியம்!

ஜி.எஸ்.டி. எண் போட்டிருந்தால் அதையும் தட்டிப் பாருங்கள். 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, டெல்லிக்கு 07, மகாராஷ்டிராவுக்கு 27. சிவகாசிக் கடை என்று சொல்லிக்கொண்டு 07-ல் ஆரம்பித்தால் அந்த லாரியும் மேலூர் வழியாகத்தான் வரும். அரசாங்கத்தின் ஜி.எஸ்.டி. வெப்சைட்டில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைத் தேடலாம். யார் பேரில், எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும். சின்ன வியாபாரிகள் சிலருக்கு ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. இல்லாத எண்ணை இருப்பதாகப் போடுவதுதான் குற்றம். வேறொரு நல்ல கடையின் எண்ணைச் சுட்டுப் போடுகிறவனும் உண்டு. அதனால் எண்ணும் கடைப் பேரும் ஒத்துப்போகிறதா என்பதையும் கவனியுங்கள்.

2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, ஆன்லைனில் விற்கிறவர் தன் சட்டப்படியான பேர், ஆபீஸ் முகவரி, தொடர்பு விவரம், புகார் வாங்கும் அதிகாரியின் பேர் எல்லாவற்றையும் வாடிக்கையாளருக்குத் தெரிகிற மாதிரி போட்டே ஆகவேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. அறிமுகமில்லாத கடைக்குள் நுழைந்தால், நான் இப்போது சாமான்களைப் பார்ப்பதே இல்லை. நேராகக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போய், இந்த விவரங்கள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று ஒரு வாட்ஸ்அப் நம்பர் மட்டும் இருந்தால், அது கடை இல்லை, நிழல்.

அந்த ஓடுகிற கடிகாரம் இருக்கிறதே, அதற்கும் சட்டத்தில் ஒரு பேர் இருக்கிறது. பொய் அவசரம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. நல்ல கடைக்காரர்களும் செய்கிற சேட்டைதான் இது. ஆனாலும், அவசரப்படுத்துகிற கடையில் நான் வேண்டுமென்றே ஒருநாள் தாமதம் செய்கிறேன். மறுநாளும் அதே 'இரண்டு மணி நேரம்' இருந்தால், கும்பிடு போட்டுவிடுவது.

இதையெல்லாம் பார்க்க நேரமில்லை என்கிறீர்களா? அப்படியானால் ஒன்றே ஒன்று. பணம் போகிற இடத்தில், ரகசிய நம்பரை அழுத்துவதற்கு முன்னால், யார் பேர் வருகிறது என்று பாருங்கள். முன்பெல்லாம் கியூ.ஆர். கோடில் அவரவர் வைத்துக்கொண்ட பேரும் தெரியும். 2025 ஜூன் 30-க்குள், பாங்க் கணக்கில் உள்ள உண்மையான பேரை மட்டுமே காட்ட வேண்டும் என்று யு.பி.ஐ. ஆப்களுக்குத் தேசியப் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் உத்தரவு போட்டது. கடைப் பேர் ஒன்று, கணக்குப் பேர் வேறு என்றால், அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். எனக்கு வந்த அரை விநாடித் தயக்கம் இருக்கிறதே, அதுதான் அப்பத்தா சொன்ன தட்டுகிற சத்தம். நான்தான் காதில் வாங்கவில்லை.

*

இதெல்லாம் புதுசு என்று நினைக்காதீர்கள். எங்கள் சித்தப்பாவுக்கு இன்றைக்கும் வீட்டில் 'டிரான்சிஸ்டர்' என்றுதான் பட்டப்பெயர்.

பத்திரிகைகளில் அந்தக் காலத்தில் ஒரு விளம்பரம் வரும், வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பது கட்டம். எப்படிக் கூட்டினாலும் 15 வரவேண்டும். சரியாக எழுதி அனுப்பினால் பரிசு! ஐந்தை நடுவில் போடத் தெரிந்த எவனும் ஜெயிக்கக்கூடிய போட்டி. சித்தப்பா அனுப்பினார். 'பாராட்டுகள்! உங்களுக்கு டிரான்சிஸ்டர் ரேடியோ பாதி விலையில்' என்று வடக்கே இருந்து கடிதம் வந்தது. பின்னாலேயே வி.பி.பி. பார்சல். தபால்காரரிடம் பணத்தைக் கட்டினால்தான் பிரிக்கலாம். கட்டினார், பிரித்தார். உள்ளே நாலைந்து பழைய பேப்பர் சுற்றிய அரைச் செங்கல்.

''சிலோன் ஸ்டேஷன் எடுக்குதா?'' என்று தெருவே கேட்டது.

இன்றைய 'கேஷ் ஆன் டெலிவரி' அந்த வி.பி.பி.யின் பேரன்தான். முன்பணம் கொடுப்பதைவிட நிச்சயம் மேல். ஆனாலும், பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் பிரிக்க முடியும் என்கிறவரைக்கும் செங்கலுக்கு வாய்ப்பு உண்டு. சில பெரிய கம்பெனிகள் ஆள் முன்னாலேயே பிரித்துக் காட்டும் வசதி வைத்திருக்கின்றன. இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், பார்சலை ஒட்டு பிரிக்காத நிலையிலிருந்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். யாருமே ஆர்டர் செய்யாமல் உங்கள் பேருக்குப் பார்சல் வந்து, '599 ரூபாய் கொடுங்க' என்றால், வீட்டில் எல்லாரையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அதற்காகத் தெரியாத கடையே வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். பெரிய கம்பெனியில் மட்டும்தான் வாங்குவேன் என்றால், வீட்டிலிருந்தே நாலு சேலை விற்றுப் பிழைக்கிற பெண்கள் எங்கே போவார்கள்? போன பொங்கலுக்கு என் வீட்டுக்காரி அப்படி ஒரு முகம் தெரியாத பெண்ணிடம்தான் சுங்குடிச் சேலை வாங்கினாள். எப்படி வாங்கினாள் தெரியுமா? முதலில் வீடியோ காலில் கூப்பிட்டாள். ''அந்த மஞ்சச் சேலையக் கொஞ்சம் திருப்பிப் பிடி தாயி. முடிச்சு கையால போட்டதா, அச்சடிச்சதா பாக்கணும்'' என்றாள். எந்தத் தெரு, பக்கத்தில் என்ன கோயில், சாயம் எங்கே போடுகிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்தாள். ஒரே ஒரு சேலைக்கு மட்டும் பணம் அனுப்பினாள், அதுவும் அந்தப் பெண்ணின் பேரிலேயே இருந்த கணக்குக்கு. சேலை வந்து, ஒருமுறை துவைத்து, சாயம் போகவில்லை என்று பார்த்த பிறகு மூன்று சேலைக்கு ஆர்டர். இப்போது அந்தப் பெண் இவளை 'அக்கா' என்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட போன் வருகிறது.

நானாக இருந்தால் எட்டு சேலைக்கு ஒரேயடியாகப் பணத்தை அனுப்பியிருப்பேன்.

*

சரி, பணம் போயேபோய்விட்டது. அடுத்து என்ன?

கடிகாரம் நிஜமாகவே ஓடுவது இப்போதுதான். உடனே 1930-க்கு போன். நாடு முழுக்க ஒரே நம்பர். 2021-ல் 155260 என்று ஆரம்பித்து, பிறகு 1930 ஆனது. என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் இந்த அவசரம் என்பது புரியும். நீங்கள் கொடுக்கும் விவரத்தை அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், அது பணம் போய்ச் சேர்ந்த பாங்குக்குப் போகிறது. பணம் அங்கேயே இருந்தால் எடுக்க முடியாமல் நிறுத்திவைப்பார்கள். அதற்குள் அடுத்த கணக்குக்குத் தாவியிருந்தால், விவரமும் அந்த அடுத்த பாங்குக்குத் தாவும். திருடன் சொந்தக் கணக்கில் பணம் வாங்கமாட்டான். கமிஷனுக்கு ஆசைப்பட்டு யாரோ ஓர் அப்பாவி வாடகைக்கு விட்ட கணக்கு. அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று, கடைசியில் எங்கேயோ ஒரு ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்துவிட்டால், கம்ப்யூட்டரின் கை அதற்கு அப்பால் எட்டாது.

போன் செய்யும்போது கையில் இருக்க வேண்டியது: எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு, உங்கள் பாங்க், யு.பி.ஐ. என்றால் அந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண். அந்த ஆளோடு பேசிய வாட்ஸ்அப், விளம்பரம், வெப்சைட் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். நான் அழித்தேன். திட்டி நாலு மெசேஜ் அனுப்பிவிட்டு மொத்தத்தையும் அழித்தேன். பிறகு சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் புகாரையும் பதிய வேண்டும். கையோடு உங்கள் பாங்குக்கும் சொல்லிவிடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 'சரக்கு வரவில்லை' என்று பாங்க் மூலம் ஆட்சேபம் எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி உண்டு. தனி ஆளுக்கு யு.பி.ஐ.யில் நீங்களே அனுப்பியது, கையில் நோட்டைக் கொடுத்த மாதிரி.

1930-ல் பேசிய பெண் போலீஸ் ரொம்பப் பொறுமையாகக் கேட்டார். ''எப்ப சார் அனுப்புனீங்க?''

''முதல் தடவை அனுப்பி ஏழு நாள் ஆச்சும்மா...''

எதிர்முனையில் ஒரு சின்ன அமைதி. அந்த அமைதியிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர் டீக்கடை அண்ணனின் மகள் கெட்டிக்காரி. போலிச் செருப்புக் கடை ஒன்றில் 2,499 ரூபாய் கட்டி, ஏதோ உறுத்தி, இருபதாவது நிமிஷம் 1930-ஐக் கூப்பிட்டாள். பணம் நடுவழியில் நின்றுவிட்டது. போலீஸ், கோர்ட் என்று நடைமுறை முடிந்து கைக்கு வரச் சில மாதம் ஆனாலும், வந்துவிட்டது. டீக்கடையில் இப்போது எங்கள் இரண்டு பேர் கதையையும் சேர்த்தேதான் சொல்கிறார்கள். அவள் கதைக்குப் பாராட்டு, என் கதைக்குச் சிரிப்பு.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. திருடன் வேறு, மோசமான கடைக்காரர் வேறு. முகவரி இருக்கிறது, ஆள் இருக்கிறார், ஆனால் கிழிந்த சட்டையை அனுப்பிவிட்டுப் பணம் தரமாட்டேன் என்கிறார் என்றால், அதற்கு 1930 இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் படியவில்லை என்றால் நுகர்வோர் கோர்ட். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கோர்ட் கட்டணமும் கிடையாது. இதற்குத்தான் முகவரி, முகவரி என்று அடித்துக்கொள்வது. நோட்டீஸ் போய்ச் சேர ஒரு கதவு வேண்டாமா?

அந்தத் தீபாவளிக்கு, ஊரிலேயே லைசென்ஸ் வாங்கிப் போட்டிருந்த கடையில் 900 ரூபாய்க்குக் கொஞ்சமாகப் பட்டாசு வாங்கினோம். பையன் ஒவ்வொரு புஸ்வாணத்துக்கும் நடுவில் கால் மணி நேரம் இடைவெளி விட்டுக் கொளுத்தினான், சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். அதைப் பார்த்தபோதுதான் 6,050 எவ்வளவு பெரிய பணம் என்று உறைத்தது.

தீபாவளி முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு போன். சுத்தமான ஆபீஸர் குரல். ''சைபர் மீட்புப் பிரிவிலிருந்து பேசுகிறோம். பட்டாசு மோசடியில் நீங்கள் இழந்த பணத்தை மீட்டுவிட்டோம். ஃபைல் சார்ஜ் 999 ரூபாய் மட்டும் அனுப்பினால்...''

பணம் பறிகொடுத்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு மறுபடியும் வலை வீசுகிற கூட்டம் இது. உண்மையான போலீஸோ, பாங்கோ பணத்தைத் திருப்பித் தர முன்பணம் கேட்பதில்லை. 'ரீஃபண்ட் அனுப்புறோம், ரகசிய நம்பரை அழுத்துங்க' என்றாலும் அதே கூட்டம்தான். பணம் வாங்க அந்த நம்பர் தேவையே இல்லை, கொடுக்கத்தான் தேவை. இவ்வளவும் தெரிந்திருந்தும், 'ஒருவேளை நிஜமாகவே...' என்று மனசுக்குள் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்ததை ஏன் மறைக்க வேண்டும்?

என் முகம் போன போக்கைப் பார்த்த அப்பத்தா, ''இங்கிட்டுக் குடு'' என்று போனை வாங்கியது. காதில் வைத்து, ஸ்பீக்கர் போட்ட மாதிரி கத்தியது.

''யாருய்யா பேசுறது? எந்த ஊரு? எந்தத் தெரு? நீ யாரு மகன்?''

''பாட்டி, நாங்க ஆபீஸ்லருந்து...''

''ஆபீஸு கெடக்கட்டும். நீ யாரு மகன்? அதச் சொல்லு மொதல்ல.''

டொக்!

அப்பத்தா போனை என் கையில் திணித்துவிட்டு, ''ஓட்டச் சட்டி'' என்றபடி வெற்றிலைப் பெட்டியைத் தேடப் போய்விட்டது.